நியமனக் கடிதத்துக்கும் உறுதிமொழிக்கும் நடுவே: அமெரிக்க அரசு ஃபெலோஷிப்பில் நான் பட்ட பாடு

2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அமெரிக்க மத்திய அரசு நிதி ஒதுக்கீடு இல்லாமல் முடங்கிக் கிடந்தபோது, வர்ஜீனியாவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். மத்திய அரசுப் பணிக்குத் தேர்வாகி, பழைய வேலையை விட்டுவிட்டு, சேரும் நாளுக்காகக் காத்திருந்தவர். "அக்கா, கடிதம் கையில் இருக்கிறது. ஆனால் எப்போது வரச் சொல்வார்கள் என்று கேட்கக்கூட அந்த அலுவலகத்தில் ஆளில்லை" என்றார். அவர் பேசப் பேச எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018-19 மூடலின்போது நானும் இதே நிலையில்தான் இருந்தேன். அப்போது எனக்கு வழி சொல்ல ஒருவரும் இல்லை. புத்தாக்கத் திறமை உள்ளவர்களை அரசுக்குள் அழைக்கும் இத்தகைய ஃபெலோஷிப்களுக்கு நம்மவர்கள் பலர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுக்காக இதை முழுவதுமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பற்றி. ஒபாமா காலத்தில், டாட் பார்க் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தபோது, 2012-ல் 18 பேரோடு தொடங்கியது 'பிரெசிடென்ஷியல் இன்னொவேஷன் ஃபெலோஸ்' திட்டம். தனியார் துறையில் சாதித்தவர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு அரசுத் துறைகளில் அமர்த்தி, சிக்கலான வேலைகளைச் சீர்செய்ய வைப்பது அதன் நோக்கம். 2015 ஆகஸ்டில் ஒரு நிர்வாக ஆணை அதை நிலையான திட்டமாக்கியது. ஆணையை அடுத்து வரும் அதிபர் ஒரு கையெழுத்தில் நீக்கிவிடலாம். அதனால் திட்டத்தைச் சட்டத்திலேயே நிலைநிறுத்த, குடியரசுக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி கொண்டுவந்த 'டேலன்ட்' சட்டத்துக்கு 2017 ஜனவரி 20 அன்று, பதவியின் கடைசி நாளில், ஒபாமா ஒப்புதல் அளித்தார். இரு கட்சிகளும் சேர்ந்து செய்த காரியம் என்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்தது. நான் சேர்ந்தது அந்தத் திட்டத்தில் அல்ல. அதே வழியில் வேறொரு துறை நடத்திய ஃபெலோஷிப்பில் சேர்ந்தேன். துறையின் பெயர் இங்கே தேவையில்லை. ஆனால் டேலன்ட் சட்டத்தை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். திட்டம் தொடர வேண்டும், யார் நடத்த வேண்டும், ஆலோசனைக் குழு எப்படி அமைய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தேர்வானவர் வேலையில் சேரும் வரை எதைச் சாப்பிடுவார் என்பது அதில் இல்லை. இப்படிப்பட்ட சட்டங்கள் திட்டத்தைத்தான் காக்கின்றன. ஆளைக் காப்பதில்லை. அந்த ஃபெலோக்களிடமிருந்து 2014-ல் முளைத்த '18எஃப்' என்ற, அரசுத் துறைகளுக்கு மென்பொருள் செய்துகொடுத்த புகழ்பெற்ற பிரிவே 2025 மார்ச் 1 அன்று கலைக்கப்பட்டது.

2018 வசந்தத்தில் விண்ணப்பித்தேன். நேர்காணல்கள் நன்றாகவே போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆகஸ்டில் 'தற்காலிகத் தேர்வுக் கடிதம்' வந்தது. மத்திய அரசின் 'ஜிஎஸ்' சம்பள வரிசையில் மிக உயர்ந்த 15-ஆம் நிலை, முதல் படி, ஆண்டுக்குச் சுமார் 1.35 லட்சம் டாலர். வட கரோலினாவில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் அதைவிடக் கூடுதலாகவே வாங்கிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, நாட்டுக்குச் செய்கிற வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஜிஎஸ் நிலை ஒவ்வொன்றிலும் பத்துப் படிகள் உண்டு. தகுதியைக் காட்டி மேல் படியில் நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். தனியார் துறை அனுபவத்தைக் கணக்கில் சேர்த்து விடுமுறை நாட்களையும் கூட்டிக் கேட்கலாம். புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுக்கு 13 நாள் விடுப்பு. பதினைந்து ஆண்டு அனுபவம் ஒப்புக்கொள்ளப்பட்டால் அதுவே 26 நாள். இரண்டுமே சேருவதற்கு முன் எழுத்தில் முடிந்திருக்க வேண்டும். சேர்ந்த மறுநாள் கேட்டால் யாராலும் கொடுக்க முடியாது, விதி அப்படி. ஒரு படிக்கு ஏறத்தாழ 4,500 டாலர் என்று வைத்துக்கொண்டால், கேட்காமல் விட்ட ஒரு மின்னஞ்சலின் விலை உங்களுக்கே தெரியும்.

அடுத்து பின்னணி விசாரணை. என் பதவிக்குக் கேட்டது எஸ்எஃப்-86 என்ற படிவம். இந்தியாவில் பிறந்து இங்கே குடியுரிமை பெற்றவர்களுக்கு இது ஒரு தனி உலகம். பத்து ஆண்டுகளில் குடியிருந்த வீடுகள் அனைத்தும் இடைவெளி இல்லாமல் வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், மாமனார், மாமியார் என்று ஒவ்வொருவரின் பிறந்த தேதி, ஊர், குடியுரிமை, வேலை எல்லாம் வேண்டும். மாமியாரின் பிறந்த தேதிக்கே ஒரு வார இறுதி போயிற்று. நாகப்பட்டினத்தில் புயல் அடித்த வருடம், கார்த்திகை மாதம் என்று அவர் உறுதியாகச் சொன்னார், அப்படியானால் 1952. பள்ளிச் சான்றிதழில் 1951 ஜூன். ஆதாரில் ஜனவரி 1. மூன்றில் எதை எழுதுவது? ஆவணத்தில் உள்ளதை எழுதி, தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் 'தோராயம்' கட்டத்தில் குறியிட்டு, மற்ற தேதிகளையும் காரணத்தையும் குறிப்புப் பகுதியில் சொல்லிவிடுவதுதான் சரியான வழி. விசாரணை அதிகாரிகள் தோராயத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஓரிடத்தில் ஒன்றும் இன்னோர் இடத்தில் வேறொன்றுமாக இருந்தால்தான் துருவுகிறார்கள். என் பெயரே பள்ளியில் அப்பாவின் தலைப்பெழுத்தோடும், இந்தியக் கடவுச்சீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்தும், அமெரிக்கக் கடவுச்சீட்டில் கணவர் பெயரோடும் இருந்தது. மூன்றையும் 'பயன்படுத்திய பிற பெயர்கள்' பகுதியில் எழுதினேன்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்திய கேள்வி வேறு. உங்கள் உறவினர் எவருக்கேனும் வெளிநாட்டு அரசோடு தொடர்பு உண்டா? என் அண்ணன் மின்வாரியத்தில் கம்பியாளர். மின்வாரியம் அரசு நிறுவனம். இதற்கு 'ஆம்' என்று எழுதினால் கதை முடிந்ததோ என்று இரண்டு இரவு தூங்கவில்லை. 'ஆம்' என்றே எழுதினேன். நேர்காணலுக்கு வந்த அதிகாரி இதைப் பற்றி நிதானமாகக் கேட்டார். அண்ணன் என்ன வேலை செய்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுவீர்கள், பணம் அனுப்புவதுண்டா என்று கேட்டார். மழைக்காலத்தில் டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் போட அழைப்பு வரும், அண்ணன் பாதி சாப்பாட்டில் எழுந்து போவார் என்று சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். மறைத்தால் மட்டுமே அது சிக்கலாகும்.

சொத்து விவரத்துக்கு ஊரிலிருந்து காகிதம் வர நாளாகும். முன்கூட்டியே திரட்டத் தொடங்குங்கள். அப்பா காலமான பிறகு கும்பகோணத்துக்கு அருகே உள்ள நிலத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்திருந்தது. கூட்டுப் பட்டா. அதன் மதிப்பை டாலரில் எழுத வேண்டும். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பை எடுத்து, எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் எழுதினேன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் வாரிசுரிமையில் பெறலாம். ஆகவே வாரிசுச் சான்றிதழின் நகல் கையில் இருக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்த சான்றும் அப்படியே. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இந்தியக் குடியுரிமை அல்ல என்று விளக்க அது உதவியது. அம்மாவோடு சேர்ந்து வங்கியில் வைத்திருக்கும் கூட்டுக் கணக்கும் உங்கள் கணக்குத்தான். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் 'எஃப்பார்' என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாதவர்கள் ஒரு வரி ஆலோசகரைப் பார்த்து அதைச் சரிசெய்துவிட்டு இந்தப் படிவத்தில் கை வையுங்கள்.

பங்குகள் விஷயத்தில்தான் வெறும் தகவல் இல்லாததால் பணம் போயிற்று. அரசு ஊழியர் ஒருவர் தனக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, மைனர் பிள்ளைக்கோ ஆதாயம் உள்ள விஷயத்தில் அலுவல் ரீதியாகத் தலையிடுவது குற்றம். பரவலான மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு விலக்கு உண்டு. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனப் பங்கு என்றால், வழக்கு அல்லது ஒப்பந்தம் போன்ற குறிப்பிட்ட விவகாரத்தில் 15,000 டாலர் வரை விலக்கு. முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் பங்குகள் என்னிடம் அதைவிட அதிகமாக இருந்தன. அந்த நிறுவனமோ நான் சேரப்போகும் துறையின் ஒப்பந்ததாரர். முன்னமே விற்றுவிட்டு வந்தால் எளிது என்று நியமனப் பிரிவில் போனில் சொன்னார்கள். அக்டோபரில் விற்றேன். லாபத்துக்கு மத்திய வரியும் மாநில வரியும் சேர்த்து 8,000 டாலருக்கு மேல் கட்டினேன். சேர்ந்த பிறகு துறையின் நெறிமுறை வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்தது: நலன் முரண் காரணமாக விற்க வேண்டியவர்களுக்கு அரசு நெறிமுறை அலுவலகம் ஒரு சான்றிதழ் தருகிறது. அதைப் பெற்ற பின் விற்று, 60 நாட்களுக்குள் அந்தப் பணத்தை அரசுப் பத்திரத்திலோ பரவலான ஃபண்டிலோ போட்டால், லாப வரியைத் தள்ளிப்போடலாம். சான்றிதழ் அரசு ஊழியராகச் சேர்ந்தவர்களுக்குத்தான் கிடைக்கும், விற்பதற்கு முன்பே வாங்க வேண்டும். விற்ற பிறகு எந்த வழியும் இல்லை. எனவே சேர்ந்ததும் அந்த நிறுவனம் தொடர்பான கோப்புகளிலிருந்து எழுத்துமூலம் விலகி, சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அது வந்த பிறகு விற்பதுதான் முறை. ஆண்டு முழுவதும் வரி கட்டும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதை மட்டுமாவது யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த ஆண்டு பின்னணி விசாரணைகள் 7 லட்சத்துக்கும் மேல் தேங்கிக் கிடந்தன. எனக்கு இடைக்கால அனுமதி கொடுத்து, டிசம்பர் முதல் வாரத்தில் இறுதிக் கடிதம் அனுப்பினார்கள். சேர வேண்டிய நாள் 2019 ஜனவரி 7, திங்கட்கிழமை. தற்காலிகக் கடிதத்தை நம்பி வேலையை விடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் இறுதிக் கடிதம் வந்த பிறகுதான் ராஜினாமா கொடுத்தேன். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் ஜனவரி 1 முதல் மாதம் 2,600 டாலர் வாடகைக்கு வீடு பிடித்தோம். டிசம்பர் 22 அன்று மெக்சிகோ எல்லைச் சுவருக்கான நிதித் தகராறில் அரசின் ஒரு பகுதி மூடப்பட்டது. அந்த ஆண்டின் பன்னிரண்டு ஒதுக்கீட்டு மசோதாக்களில் ஏழு நிறைவேறியிருக்கவில்லை. பாதுகாப்பு, சுகாதாரம், கல்வி போன்ற துறைகள் வழக்கம்போல் இயங்கின. என் துறை அந்த ஏழில் மாட்டிக்கொண்டது.

நியமனப் பிரிவுக்கு எழுதிய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரே தானியங்கிப் பதில் வந்தது: நிதி ஒதுக்கீடு இல்லாததால் நான் பணியில் இல்லை, பதிலளிக்க இயலாது. அவர்கள் மேல் கோபப்பட முடியாது. மூடல் காலத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதே விதிமீறல். சம்பளம் பின்னால் வரட்டும், நான் வந்து வேலையைத் தொடங்குகிறேன் என்று என் வருங்கால மேலாளருக்கு எழுதினேன். மூடல் முடிந்த பிறகு அவர் விளக்கினார்: அரசு ஒருவரின் இலவச உழைப்பை ஏற்றுக்கொள்வதை ஆன்டி டெஃபிஷியன்சி சட்டம் தடுக்கிறது. சுமார் 8 லட்சம் ஊழியர்கள் சம்பளமில்லாமல் தவித்த நாட்கள் அவை. அவர்களுக்குப் பின்சம்பளம் உண்டு என்று ஜனவரி 16 அன்று சட்டமே வந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அந்தச் சட்டத்தில் நான் இல்லை. வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்து நியமனம் பதிவாகும் நிமிடம் வரை நீங்கள் அரசைப் பொறுத்தவரை வெளியாள். தானாக வேலையை விட்டவள் என்பதால் வேலையின்மை உதவித்தொகையும் கிடைக்கவில்லை.

மருத்துவக் காப்பீடு டிசம்பர் 31-ஓடு முடிந்தது. கணவர் சொந்தமாகத் தொழில் செய்பவர். குடும்பமே என் காப்பீட்டில்தான் இருந்தது. 'கோப்ரா' சட்டப்படி பழைய நிறுவனத்தின் காப்பீட்டை நாமே முழுப் பிரீமியமும் அதற்கு மேல் 2 சதவீதமும் கட்டித் தொடரலாம். எங்களுக்கு மாதம் 1,900 டாலர் வந்தது. கட்டவா வேண்டாமா என்று ஆறு வயது மகளைப் பார்த்துப் பார்த்துக் கலங்கினோம். முடிவு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு என்பதும், அதற்குள் எப்போது தேர்ந்தெடுத்தாலும் பழைய காப்பீடு முடிந்த நாளிலிருந்தே செல்லும் என்பதும் முன்பு இங்கே குடியேறிய ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அதாவது நோய் நொடி வராவிட்டால் கட்டாமலே காலத்தைக் கடத்தலாம். வந்துவிட்டால் நிலுவையைக் கட்டிக் காப்பீட்டைப் பெறலாம். நாங்கள் காத்திருந்தோம். பிப்ரவரியில் மகளுக்கு நிமோனியா வந்தது. இரண்டு மாதத் தொகையைக் கட்டிச் சேர்ந்தோம், மருத்துவமனைச் செலவு காப்பீட்டில் போயிற்று. விடுபட்ட மாதங்களுக்கான பணத்தை மட்டும் தொடாமல் எடுத்து வைத்திருங்கள்.

ஜனவரி 25-ல் அரசு திறந்தது. ஆனால் ஐந்து வாரக் கோப்புகள் குவிந்திருந்தன. பிப்ரவரி 15 வரைக்கும் மட்டுமான தற்காலிக நிதி என்பதால் புதியவர்களைச் சேர்க்கவும் தயங்கினார்கள். கடைசியில் பிப்ரவரி 19 அன்று உறுதிமொழி எடுத்தேன். முதல் சம்பளம் மார்ச்சில் வந்தது. சம்பளமில்லாத வாரங்கள், இரண்டு வீட்டுச் செலவு, காப்பீடு, பங்கு வரி எல்லாம் சேர்த்து 30,000 டாலருக்கு மேல் கரைந்தது. பணத்தைவிட என்னைத் தின்றது தனிமை. அமெரிக்காவில் அரசு வேலை கிடைத்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்த அம்மாவிடம், வேலைக்குப் போகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. தற்காலிக நிதி எந்தத் தேதியில் முடிகிறது என்பது செய்தித்தாளிலேயே இருக்கும். அந்தத் தேதியை ஒட்டிச் சேரும் நாள் விழுந்தால், தள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்; கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பழைய நிறுவனத்திடம் ராஜினாமாவுக்குப் பதில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை அரசு நெறிமுறை அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் குடும்பத்தோடு இடம்பெயராதீர்கள். முதல் மாதத்திலேயே ஓராண்டு வாடகை ஒப்பந்தம் போட வேண்டாம். ஒரு அறை போதும்.

வேலை எப்படி இருந்தது என்று கேட்டால், அது நான் செய்த மிக நல்ல வேலை. கிராமப்புற மக்கள் நிரப்பும் ஒரு நீண்ட விண்ணப்பத்தைச் சுருக்கினோம். ஓர் ஊர் நூலகத்தில் ஒரு மூதாட்டி அந்தப் படிவத்தோடு மல்லாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே முகவரியை மூன்று இடத்தில் எழுதினார், மூன்றாவது முறை கை வலித்து நிறுத்திவிட்டார். அதை மாற்ற எனக்கு ஒரு நாள் போதும். சட்டத்துக்குப் போதாது. பொதுமக்களிடம் அரசு கேட்கும் கேள்விகளை மாற்ற 1980-ன் காகிதச் சுமைக் குறைப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அதில் 60 நாள் பொது அறிவிப்பு ஒன்று, பிறகு 30 நாள் அறிவிப்பு ஒன்று. மென்பொருள் என்றால் பாதுகாப்புச் சோதனை முடிந்து 'இயக்க அனுமதி' வர வேண்டும். ஓராண்டுப் பதவிக்காலத்தில் பாதி இதிலேயே போய்விடும். ஆகவே நேர்காணலிலேயே கேளுங்கள்: எனக்குத் தரப்போகும் வேலைக்கு இந்த இரண்டு அனுமதிகளும் எந்த நிலையில் இருக்கின்றன? பதில் தெரியாத துறையைவிட, தெரிந்த துறை நல்லது.

சொந்தமாக நிறுவனமோ கண்டுபிடிப்போ வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். 1950-ல் ட்ரூமன் பிறப்பித்த 10096-ஆம் ஆணைப்படி, அலுவல் நேரத்திலோ அரசு வசதியிலோ உங்கள் பணியோடு நேரடித் தொடர்பிலோ உருவாகும் கண்டுபிடிப்பில் அரசுக்கு உரிமை உண்டு. சேருவதற்கு முன்பே உங்களிடம் உள்ளதைத் தேதியோடு எழுதி நெறிமுறை அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அரசு ஊழியராக இருக்கும் வரை உங்களுக்குச் சொந்தமான நிறுவனம் அரசு ஒப்பந்தம் பெறுவதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டது. பதவிக்காலம் முடியப்போகிறது என்று அடுத்த வேலை தேடத் தொடங்கினால், பேச்சு நடக்கும் நிறுவனம் தொடர்பான அலுவல்களிலிருந்து விலகியாக வேண்டும். என் நீட்டிப்புக் கடிதம் பதவி முடிய மூன்று வாரம் இருக்கும்போதுதான் வந்தது. அதனால் ஆறு மாதம் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். எந்த நிறுவனத்தோடு முதன்முதலில் எந்தத் தேதியில் பேசினீர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், கடைசி நாள் படிவத்தில் அதையும் என்னிடம் கேட்டார்கள்.